மூன்று மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல்

2023 பொங்கலுக்கு மயிலாடுதுறை வீட்டுக்குப் போயிருந்தேன். போகியன்று காலை அம்மா என்னைத் திண்ணையில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துத் தலை சீவிவிட்டார். சீவச் சீவ அவர் கை மெதுவாகிக்கொண்டே வந்தது. திரும்பிப் பார்த்தேன். சீப்பில் வந்த முடியை எனக்குத் தெரியாமல் சுருட்டிச் சுருட்டி மடியில் சேர்த்து வைத்திருந்தார். எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. "மெட்ராஸ் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை பாப்பா" என்றார். எனக்கு இரண்டு வாரமாகவே தெரியும். வேளச்சேரி விடுதியில் நான் குளித்துவிட்டு வந்தால் குளியலறைத் தண்ணீர் வடியாது. குனிந்து ஜல்லடையில் அடைத்திருக்கும் முடியை அள்ளி எடுத்தால்தான் வடியும். அறைத் தோழிகள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக ஐந்து மணிக்கே எழுந்து குளிக்கத் தொடங்கியிருந்தேன்.

அந்தப் பொங்கலிலிருந்து ஆகஸ்ட் வரை, பாக்கியிருந்த தவணையையும் சேர்த்து, நான் செலவழித்தது 53,747 ரூபாய். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்வதால் எதையும் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. அதனால் தொகை சரியாகத் தெரியும். அப்போது என் சம்பளம் 24,000. இந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட என் முடி கொட்டியதன் காரணத்தைத் தொடவில்லை. காரணம் கடைசியில் தெரியவந்தது 500 ரூபாய் ஆலோசனைக் கட்டணத்திலும் சில இரத்தப் பரிசோதனைகளிலும்தான். நான் மருத்துவர் இல்லை. என்னைப் போல் தனியாக அறைக்குள் உட்கார்ந்து பயந்துகொண்டிருக்கும் ஒருவருக்காவது வழி சீக்கிரம் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தண்ணீரிலிருந்து தொடங்கினேன். எங்கள் விடுதியில் ஆழ்குழாய்த் தண்ணீர். வாளியில் வெள்ளைப் படலம் படியும். குழாயில் மாட்டும் வடிகட்டி ஒன்றை 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். அதுவும் போதாதென்று தலைக்குக் குளிக்கும் நாளில் குடிநீர்க் கேனை இரண்டாம் மாடிக்குத் தூக்கிப் போனேன். உப்புத் தண்ணீரால் முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், நடுவில் முறியவும் முறியும். ஆனால் வேர்ப்பகுதியோடு நூற்றுக்கணக்கில் உதிர்வதற்குத் தண்ணீரைக் காரணம் சொல்ல முடியாது என்று பின்னால் மருத்துவர் சொன்னார். அந்த வித்தியாசத்தை வீட்டிலேயே பார்க்கலாம். விழுந்த முடியின் ஒரு நுனியில் வெள்ளையாகக் கடுகை விடச் சிறிய முடிச்சு இருந்தால் அது உதிர்ந்த முடி. இரண்டு நுனியிலும் ஒன்றும் இல்லாமல் குட்டையாக இருந்தால் முறிந்த முடி. எனக்கு எல்லாவற்றிலும் வெள்ளை முடிச்சு இருந்தது. "வேரே வந்துவிட்டது, இனி அங்கே முளைக்காது" என்று நினைத்து இரவெல்லாம் அழுதிருக்கிறேன். அது வேர் அல்ல. ஓய்வுக்குப் போன முடி கழன்று விழும்போது அதன் அடிமுனை அப்படித்தான் இருக்கும். முளைக்கும் இடம் தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. இந்த ஒரு செய்தி அப்போது தெரிந்திருந்தால் எத்தனை இரவு தூங்கியிருப்பேன்.

அடுத்து மூலிகை எண்ணெய். ஒரு புட்டி 1,499 ரூபாய், மூன்று புட்டி. எண்ணெய் தலையில் ஊற வேண்டும், அடிக்கடி அலசக் கூடாது என்றார்கள். எனக்கும் அலசவே பயமாக இருந்தது, ஏனென்றால் அலசும் நாளில்தான் கைநிறைய வரும். பத்து நாளுக்கு ஒருமுறை என்று ஆக்கிக்கொண்டேன். பொடுகும் அரிப்பும் சேர்ந்ததுதான் மிச்சம். கழன்று நிற்கும் முடி இன்று அலசினால் இன்று விழும். பத்து நாள் கழித்து அலசினால் பத்து நாள் முடியும் சேர்ந்து விழும். அலசுவது உதிர்வை உண்டாக்குவதில்லை. ஒரு நாள் முழுக்க விழுந்ததையெல்லாம் ஒரு கவரில் சேர்த்து உட்கார்ந்து எண்ணினேன்: 214. நாளொன்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு வரை எல்லோருக்கும் விழும் என்பது தெரியும். 214 என்றதும் நடுங்கிவிட்டேன்.

மார்ச்சில் ஒரு தோழி பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையைச் சொன்னாள். மருந்துச் சீட்டு இல்லாமலே கொடுத்தார்கள். 10 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒன்று, ஐந்து புட்டி, 2,400 ரூபாய். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். சாதாரணச் சாப்பாட்டிலேயே அது கிடைத்துவிடும். அதைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல் தினமும் விழுங்கிக்கொண்டிருந்தேன். வைட்டமின்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று யாரிடமும் கேட்கவில்லை. என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஏப்ரலில் செய்ததுதான் பெரிய தவறு. விளம்பரம் பார்த்து ஒரு முடி சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். வெள்ளை அங்கி போட்ட பெண் என் உச்சந்தலையில் ஒரு சிறிய கேமராவை வைத்தார். என் தலைத்தோல் பெரிய திரையில் பாலைவனம் போலத் தெரிந்தது. "இப்போது ஆரம்பிக்காவிட்டால் ஆறு மாதத்தில் வேர் மூடிவிடும், கல்யாணம் ஆகாத பெண் வேறு" என்றார். அந்தக் கடைசி வார்த்தை என்னை உடைத்துவிட்டது. பி.ஆர்.பி. என்ற ஊசி சிகிச்சை ஆறு தடவை, 42,000 ரூபாய். 12,000 அப்போதே, மீதி மாதம் ஐயாயிரமாக ஆறு தவணை. அன்றே கையெழுத்துப் போட்டேன். நம் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பிரித்துத் தலையில் ஊசியாகப் போடுவார்கள். சொட்டை வகை முடி உதிர்வில் இதைப் பயன்படுத்தும் தகுதியான மருத்துவர்கள் இருக்கிறார்கள்; அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே ஒருவர்கூட எனக்குச் சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, மாதவிலக்கு எப்படி இருக்கிறது, வேறு மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்கவில்லை. ஊசி போடுவதற்கு முன்கூட ஹீமோகுளோபின் பார்க்கவில்லை. மூன்று தடவைக்குப் பிறகு போகாமல் நின்றேன். பணம் திரும்பவில்லை, தவணை மட்டும் ஓடி முடிந்தது. எங்கே போனாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: என்னைப் பார்ப்பவர் தோல் நோயில் எம்.டி. அல்லது டிப்ளமா படித்த மருத்துவரா, அவருடைய பதிவு எண் என்ன? அறைக்குள் முதலில் வருவது ஆலோசகரும் விலைப்பட்டியலுமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அன்றே பணம் கட்டினால்தான் தள்ளுபடி என்று சொல்லும் இடத்தில் அன்று கட்டவே கட்டாதீர்கள்.

ஜூலையில் திருமயிலை ரயில் நிலையத்தில் படி இறங்குவதே எனக்குச் சிரமமாகிவிட்டது. மாலையில் திரும்பி ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன், நெஞ்சு படபடக்கும். அலுவலகத்தில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தபோது நானும் இரத்தம் கொடுத்தேன். தைராய்டைக் காட்டும் அளவுகளில் டி.எஸ்.எச். மிகக் குறைவு, டி4 அதிகம் என்று வந்தது. பக்கத்துத் தெரு மருத்துவர், தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, அதனால்தான் படபடப்பு, அதனால்தான் முடியும் கொட்டுகிறது என்றார். ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம் காரணம் கிடைத்துவிட்டதே என்ற நிம்மதி. கழுத்து ஸ்கேனும் மறு பரிசோதனையுமாக 3,200 ரூபாய் ஆனது. அம்மாவிடம் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழுத்தைத் தடவிப் பார்த்தபடியே இருந்தேன்.

நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அனுப்பினார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அம்மையார். அறிக்கையைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார், கையை நீட்டச் சொல்லி விரல் நடுங்குகிறதா என்று பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி: "முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" பையில் இருந்த பயோட்டின் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதைத் திருப்பி அளவைப் படித்துவிட்டு, "இதை இன்றோடு நிறுத்துங்கள், ஒரு வாரம் கழித்து வந்து இரத்தம் கொடுங்கள்" என்றார். ஒரு வாரத்தில் டி.எஸ்.எச்., டி4 இரண்டும் இயல்பு நிலையில் வந்தன. எனக்குத் தைராய்டு நோயே கிடையாது. சில பரிசோதனை முறைகளில் பயோட்டினையே ஒரு பிடிப்பாகப் பயன்படுத்துகிறார்கள். இரத்தத்தில் அது அளவுக்கு மீறி இருந்தால் எண்கள் பொய்யாகிவிடும். டி.எஸ்.எச். குறைந்தும் டி4 கூடியும் காட்டி, நோய் இல்லாதவரை நோயாளி ஆக்கிவிடும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்யும் டிரோப்போனின் பரிசோதனையிலும் இது தவறு காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-லேயே எச்சரித்திருக்கிறது. முடிக்காக எந்தச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும், எதற்காக இரத்தம் கொடுத்தாலும், மருத்துவரிடமும் பரிசோதனைக் கூடத்திலும் முதலில் அதைச் சொல்லுங்கள்.

அவர் அதோடு விடவில்லை. "படபடப்பு எதனால் என்று பார்ப்போம்" என்று இன்னும் இரண்டு பரிசோதனை எழுதினார். ஹீமோகுளோபின் 9.4, அதாவது இரத்தசோகை. ஃபெரிட்டின், அதாவது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு, 6. பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனாலே குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "மாதவிலக்கின்போது ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் மாற்றுகிறீர்கள்?" முதல் மூன்று நாள் எட்டு, ஒன்பது, இரவில் அலாரம் வைத்து எழுந்து மாற்றுவேன் என்றேன். "எத்தனை வருடமாக?" பள்ளிக்கூடத்திலிருந்து. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான்.

அங்கிருந்து தோல் மருத்துவரிடம் போனேன், 500 ரூபாய். அவர் என் வகிட்டை முன்நெற்றியிலிருந்து உச்சிவரை பிரித்துப் பார்த்தார். ஐம்பது அறுபது முடியை விரலிடையில் பிடித்து மெல்ல இழுத்தார். பத்துக்கு மேல் கையோடு வந்தன. ஒன்றை எடுத்துக் கறுப்புக் காகிதத்தில் வைத்து வெள்ளை முனையைக் காட்டினார். பிறகு, "முடி கொட்ட ஆரம்பிப்பதற்கு இரண்டு, மூன்று மாதம் முன்னால் உங்களுக்கு என்ன நடந்தது?" என்றார். நான் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. 2022 அக்டோபரில் டெங்கு. தட்டணுக்கள் 38,000-க்கு இறங்கி நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தேன். அதையும் முடியையும் சேர்த்து ஒரு நாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அவர் விளக்கியது இது. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் சில வருடம் வளரும், பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வெடுக்கும், பிறகு கழன்று விழும், அதே குழியில் புதியது முளைக்கும். பெரிய காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி கிடந்து உடலைக் குறைப்பது, தாங்க முடியாத துக்கம், சில மருந்துகள் என்று ஏதாவது ஒன்று உடலை உலுக்கினால், வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் கணிசமான பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து கொட்டும். அதற்குள் நமக்குக் காய்ச்சல் மறந்துபோயிருக்கும். கண்ணில் படுவது தண்ணீரும் ஷாம்புவும்தான். டெங்குவுக்கும் டைபாய்டுக்கும் கொரோனாவுக்கும் பிறகு இப்படி வருபவர்கள் ஏராளம். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். எனக்கு அடங்காமல் நீண்டதற்கு இரும்புச் சேமிப்பு காலியாக இருந்ததுதான் காரணம் என்று கருதினார். காய்ச்சல் கொட்ட வைத்தது. இரத்தக் குறைவு நிற்க விடவில்லை.

காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பாட்டி, எட்டு வயதுப் பேரனோடு உட்கார்ந்திருந்தார். பையனின் பின்தலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக முடி இல்லை. புழுவெட்டு என்று பூண்டு அரைத்துத் தேய்த்திருக்கிறார்கள். அந்த இடம் கொப்பளித்துப் புண்ணாகியிருந்தது. குழந்தை தலையைத் திருப்பவே இல்லை. பெயரில் புழு இருந்தாலும் அதில் புழு கிடையாது. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது. பல குழந்தைகளுக்குத் திரும்ப முளைத்துவிடும், சிகிச்சையும் உண்டு. ஆனால் குழந்தை தலையில் செதில் உரிந்து முடி ஒட்ட ஒட்ட முறிந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு வாய்வழி மாத்திரை தேவை, களிம்பு மட்டும் போதாது. இரண்டையும் பிரித்துச் சொல்ல மருத்துவரால்தான் முடியும். இந்தப் பக்கம் இருந்த ஒரு அக்கா தன் கதையைச் சொன்னார். உச்சியில் எரிச்சலும் சிவப்புமாக ஆரம்பித்ததை ஒரு வருடம் எண்ணெய் போட்டே கடத்தியிருக்கிறார். இப்போது அந்த இடம் பளபளவென்று, முடிக்குழியே தெரியாமல் இருந்தது. தழும்பாகிவிட்ட இடத்தில் இனி வராது, பரவாமல் தடுக்கத்தான் மருந்து என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், தலையில் எரிச்சல், வலி, சீழ், சிவப்பு இருந்தாலோ, தோல் வழுவழுப்பாக மாறினாலோ ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். திட்டுத் திட்டாகக் கொட்டினாலும், புருவமும் சேர்ந்து கொட்டினாலும், குழந்தைக்குக் கொட்டினாலும் உடனே போக வேண்டும். முடி உதிர்வோடு மாதவிலக்கு தவறுவது, முகத்தில் முடி வளர்வது, பருக்கள் என்று இருந்தால் அது ஹார்மோன் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். வகிடு மட்டும் வருடக்கணக்கில் மெல்ல அகலமாகிக்கொண்டு போனால், ஆண்களுக்கு நெற்றி ஓரங்கள் ஏறிக்கொண்டு போனால், அது பரம்பரை வகை. அதற்கும் மினாக்சிடில் போன்ற மருந்துகள் உண்டு, சீக்கிரம் தொடங்கினால் இருப்பதைக் காப்பாற்றலாம். ஆனால் மினாக்சிடில் தொடங்கிய சில வாரங்களில் உதிர்வு தற்காலிகமாகக் கூடும், நிறுத்தினால் பலனும் போய்விடும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற பொருள் அல்ல. சில நாளுக்குள் பின்னல் பாதியளவு இளைத்துவிட்டது போலத் தோன்றினாலோ, உதிர்வு ஆறு மாதத்தைத் தாண்டினாலோ பொறுத்திருக்க வேண்டாம். தனியார் கட்டணம் முடியாதவர்களுக்கு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. காலையில் சீக்கிரம் போனால் போதும்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கொட்டத் தொடங்கிய மாதம் எது, அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் என்ன நடந்தது, என்னென்ன மாத்திரை, மாதவிலக்கு எத்தனை நாள். புதிதாகத் தொடங்கிய மருந்தின் மேல் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அன்று தலையில் எண்ணெய் வேண்டாம், இறுக்கிப் பின்னவும் வேண்டாம். முடியைக் கவரில் கொண்டுபோக வேண்டியதில்லை. நான் கொண்டுபோனேன், அவர் அதைப் பிரிக்கவே இல்லை.

முடிக்கென்று எனக்குக் கொடுத்தது இரும்பு மாத்திரை மட்டும்தான், மாதம் இருநூறு ரூபாய்க்குள். எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டேன். காபிக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி. மலம் கறுப்பாகப் போகும், வயிறு கொஞ்சம் கட்டும், பயப்பட வேண்டாம். ஆனால் பரிசோதனை செய்யாமல் இரும்பு மாத்திரை தொடங்காதீர்கள். தேவையில்லாதவருக்கு அது கெடுதல். மகளிர் மருத்துவர் உதிரப்போக்கைக் குறைக்க மருந்து கொடுத்தார். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 12.1, ஆறாவது மாதம் ஃபெரிட்டின் 41. முடி விழுவது டிசம்பரில் குறைந்தது. நெற்றியோரம் விரல் நகம் நீளத்துக்குக் குட்டை முடிகள் சிலிர்த்துக்கொண்டு நின்றன. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். பின்னல் பழையபடி கனக்க ஒன்றரை வருடம் ஆனது.

சிகிச்சை நடந்துகொண்டிருந்த அந்த டிசம்பரில் ஊருக்குப் போனபோது அம்மாவின் தலையை முதல் தடவையாகக் கவனித்துப் பார்த்தேன். எலிவால் போலப் பின்னல். கல்யாணப் படத்தில் இடுப்புக்குக் கீழே தொங்கும். "நம் வீட்டுப் பெண்களுக்கு முடி நிற்காது" என்று அத்தை எப்போதும் சொல்வார், நாங்களும் பரம்பரை என்றே நம்பியிருந்தோம். அம்மாவுக்கு அப்போது வயது 49. மாடிப்படி ஏறி வடாம் காயவைத்துவிட்டு வந்தால் பத்து நிமிடம் சுவரில் சாய்ந்து உட்கார்வார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்று படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தச் சுவர்தான். நாப்கின் கணக்கை அம்மாவிடம் கேட்டேன். அவர் நாப்கினே வைப்பதில்லை, பழைய வேட்டித் துணி. "ஒரு நாளைக்கு எத்தனை துணி அம்மா?" என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதைப் போய் யாரிடம் சொல்வது என்று இருந்துவிட்டேன் பாப்பா" என்றார்.

மறுநாளே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ஹீமோகுளோபின் 7.8. ஸ்கேனில் கருப்பையில் நார்க்கட்டி. மூன்று தடவை நரம்பு வழியாக இரும்பு ஏற்றி, இரத்த அளவு தேறியபிறகு அறுவை சிகிச்சை செய்தார்கள். மூன்று மாதம் கழித்து அம்மாவுக்கு முடி கொட்டியது. அது கொட்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். சீப்பைப் பார்த்துவிட்டு, "நீ சொன்ன மாதம்தான்" என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார். போன வாரம் அத்தை தன் மகளையும் இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அவளுக்கு வயது பதினாறு.